ரிப்பீட்டருக்குத் துணையாக ஒரு செமி ஒட்டோ

அனுமதிப்பத்திரத்தோடு ஒரு பம்ப் அக்ஷன் துவக்கு, அதாவது நம்மவர்கள் சொல்லும் ரிப்பீட்டர், ஏற்கெனவே கைவசம் இருக்கிறது. கூடவே ஒரு செமி ஒட்டோமற்றிக் ஷொட்கன் எடுக்கலாமா, எடுப்பதென்றால் எதை எடுப்பது? ஹற்றன், நோர்வூட், பொகவந்தலாவை, நுவரெலியா பக்கங்களில் இப்படிக் கேட்கும் நிலையில் இருப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். தோட்டக் கம்பனிகளின் பாதுகாப்புப் பொறுப்பாளர்கள், பங்களாவில் துவக்கு வைத்திருக்கும் துரைமார், தனியார் பாதுகாப்பு நிறுவனங்களில் ஆயுதப் பொறுப்பில் இருப்பவர்கள், குறிபார்த்துச் சுடுவதை விளையாட்டாகப் பழகுகிறவர்கள். மரக்கறித் தோட்டத்தைப் பன்றியிடமிருந்து காக்க ஒற்றைக் குழல் துவக்கு வாங்கியவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தக் காரணம் மற்றவர்களுக்கும் பொருந்தும்.

முதலில் சட்டம்

இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். அதற்குப் பின்னர் வந்த திருத்தங்களில் 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் மிகக் கடுமையானது. தானியங்கித் துவக்கொன்றை அனுமதியின்றி வைத்திருப்பவருக்கு ஆயுள் சிறை வரை தண்டனை உண்டு. விசையை ஒரு தடவை அழுத்தினால் ஒரு தோட்டா மட்டும் வெடிப்பது செமி ஒட்டோ. அழுத்திப் பிடித்திருக்கும் வரை வெடித்துக்கொண்டே இருப்பது முழுத் தானியங்கி. இந்த வேறுபாடு பொறியியலில் தெளிவானது. ஆனால் எந்தத் துவக்கு எந்த வகுப்பில் அடங்கும் என்பதை வாங்குகிறவரோ விற்கிறவரோ தீர்மானிக்க முடியாது. உங்கள் பெயருக்கு, நீங்கள் குறிப்பிடும் மாதிரிக்கு, அனுமதி தரும் அதிகாரியிடமிருந்து எழுத்தில் பதில் வரும் வரை முற்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.

பயிர்ப் பாதுகாப்புக்கான துவக்குக்கு மாவட்டச் செயலகம் வழியாகவும், தற்பாதுகாப்புக்கானதற்குப் பாதுகாப்பு அமைச்சு வழியாகவும் விண்ணப்பம் போகும். கிராம உத்தியோகத்தர், பொலிஸ் ஆகியோரின் அறிக்கை அதில் சேரும். எந்தத் தேவைக்கென்று அனுமதி கிடைத்ததோ அந்தத் தேவைக்கு மட்டுமே அது செல்லும். பயிர் காக்கத் தந்த அனுமதியைக் காட்டிப் பங்களாக் காவலுக்கு இன்னொரு துவக்கு கேட்க முடியாது. தற்பாதுகாப்புக்கென்று வழங்கிய துவக்குகளை 2024 நவம்பரில் அமைச்சு மீள ஒப்படைக்கச் சொல்லி, ஒவ்வொருவரின் தேவையையும் மறுபரிசீலனைக்கு எடுத்தது. அனுமதி ஒருமுறை கிடைத்துவிட்டால் என்றைக்கும் நம்முடையது என்று எண்ணிப் பெருந்தொகை போடுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரிப்பீட்டரால் முடியாதது என்ன?

இரண்டாவது துவக்கை வாங்குமுன் முதலாவதை நேர்மையாக எடைபோட வேண்டும். ஜோன் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 காலத்திலிருந்தே பம்ப் துவக்கின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. முன்பிடியைப் பின்னே இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் போகும். இந்த வேலை முழுவதும் கையின் பலத்தால் நடப்பதால் தோட்டாவின் வீரியம் எப்படியிருந்தாலும் பம்ப் கவலைப்படாது. மழையில் நனைந்த பழைய தோட்டா, பாரம் குறைந்த பயிற்சித் தோட்டா, கனமான எஸ்.ஜி. தோட்டா என எதுவாயினும் கை இழுத்தால் அறையை மூடியிருக்கும் போல்ட் திறக்கும். 1950இல் வந்த ரெமிங்டன் 870 இன்றும் உலகெங்கும் பொலிஸார் கையில் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம். ஹற்றன் மழைக்கும் நுவரெலியாப் பனிக்கும் இதைவிடப் பொருத்தமான அமைப்பு எனக்குத் தெரியவில்லை.

குறைகளும் உண்டு. பதற்றத்தில் முன்பிடியை முழுதாக இழுக்காமல் பாதியில் தள்ளினால் தோட்டா சிக்கிக்கொள்ளும். ஒரு கை காயப்பட்டால் இயக்குவது சிரமம். உதைப்பு முழுவதும் தோளுக்கே வரும். நீண்ட நேரம் பயிற்சி செய்யும்போது தோள் வலி எடுத்து, வெடிக்குமுன் கண்ணை மூடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். பறக்கும் களிமண் தட்டைச் சுடுகிறவருக்கு, இரண்டாவது வெடிக்காகக் கையை இழுக்கும் அந்த அரைக்கணத்தில் துவக்கின் முனை இலக்கை விட்டு விலகும்.

செமி ஒட்டோ இந்தக் குறைகளைத்தான் தீர்க்கிறது. உதைப்பைக் குறைக்கிறது, இரண்டாவது வெடிவரை குறியைக் குலைக்காமல் வைக்கிறது. ஆகவே இதன் உண்மையான இடம் பயிற்சித் திடல். அடுத்தபடியாக, நன்றாகப் பயிற்சி பெற்ற ஆயுதக் காவலர் நிற்கும் சம்பளப் பணப் போக்குவரத்து போன்ற கடமை. இந்த இரண்டில் ஒன்று உங்களுக்கு இல்லாவிட்டால் ரிப்பீட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். மிச்சப்படும் பணத்தில் நல்ல இரும்புப் பெட்டி ஒன்று வாங்கலாம்.

தேயிலை மலையில் இதைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்

பன்றிக் காவலுக்குச் செமி ஒட்டோ கேட்பவர்கள் சொல்லும் நியாயம் எனக்குப் புரிகிறது. கூட்டமாக வரும் பன்றிகள் ஓர் இரவில் உருளைக்கிழங்குப் பாத்தியைக் கிளறிப்போட்டால் மாதக்கணக்கான உழைப்பு போய்விடும். லயத்துக்குப் பின்னால் லீக்ஸும் கரட்டும் போட்டிருக்கும் குடும்பத்துக்கு அது சம்பளத்துக்கு மேல் வரும் ஒரே வருமானமாகவும் இருக்கலாம். முதல் வெடிக்குப் பன்றிகள் சிதறி ஓடும்போது இன்னும் இரண்டு வெடி உடனே வைக்க முடிந்தால் நல்லதென்று தோன்றுவது இயல்பே.

ஆனால் நம்முடைய மலை எப்படிப்பட்டது என்று பாருங்கள். தேயிலைச் செடி இடுப்பளவு உயரம். பன்றி செடிக்கடியில் ஓடும்போது தெரிவது அசையும் கொப்பு மட்டுமே. அதே உயரத்தில்தான் விடியற்காலையில் கானுக்குள் குனிந்து நடக்கும் ஆளும் இருப்பார். மேட்டிலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது இலக்குக்குப் பின்னால் மண் இருப்பது போலத் தோன்றும். ஓடும் பன்றியைத் துரத்தி முனை மேலெழும்பினால் பின்னால் இருப்பது எதிர்மலையின் லயம், அல்லது பாதை, அல்லது கொழுந்து நிறுக்கும் இடம்.

சன்னம் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கணிக்கப் பழைய பிரெஞ்சுச் சூத்திரம் ஒன்று இருக்கிறது, ஜூர்னே என்ற இராணுவ அதிகாரியின் பெயரால் அழைக்கப்படுவது. அதன்படி 3.1 மில்லிமீற்றர் கொண்ட நான்காம் இலக்கச் சன்னம் சமதரையில் அதிகபட்சம் சுமார் 240 மீற்றர் போகும். 8.4 மில்லிமீற்றர் எஸ்.ஜி. சன்னம் சுமார் 650 மீற்றர் போகும். பள்ளத்தாக்கின் மேல் நின்று சுட்டால் அதைவிடத் தூரம். எஸ்.ஜி. தோட்டா ஒன்றில் ஒன்பது சன்னம் வரை இருக்கும். பன்றியை நம்பிக்கையோடு வீழ்த்தக்கூடிய தூரமோ 35 மீற்றர் அளவில் முடிந்துவிடும். எஞ்சிய அறுநூறு மீற்றருக்கு யார் பொறுப்பு? மூன்று வெடி அவசரத்தில் போனால் இருபத்தேழு சன்னம். ஒவ்வொன்றும் எங்கே விழும் என்று சுட்டவருக்குத் தெரியாது. நின்று, பார்த்து, பின்னால் மண்ணைக் கண்டு, ஒரு வெடி வைப்பதுதான் தோட்டத்தில் சுடும் முறை. அதற்கு ஒற்றைக் குழல் துவக்கே போதும். வேகம் கூடிய துவக்கு அந்த நிதானத்தைக் கெடுக்கும்.

இன்னொரு காரணம் சிறுத்தை. மஸ்கெலியா, நோர்வூட், டிக்கோயா பக்கத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் புதிதல்ல. காட்டுத் துண்டுகளுக்கிடையே அது போய்வரும் வழி தேயிலை மலைதான். அது பாதுகாக்கப்பட்ட விலங்கு; 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதைச் சுடுவது குற்றம். மங்கிய ஒளியில் செடிக்கடியில் அசையும் உருவம் பன்றியா சிறுத்தையா என்று தெரியாமல் விசையை அழுத்துகிறவர் எந்த விளக்கம் சொன்னாலும் எடுபடாது. 2020 மே 26ஆம் திகதி நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டத்தில் கம்பிச் சுருக்கில் மாட்டிய கருஞ்சிறுத்தை, உடவளவைக்குக் கொண்டுபோகப்பட்டு, 29ஆம் திகதி செத்துப்போனது. மலைநாட்டில் அத்தனை அரிதான விலங்கு அது. பன்றிக்கென்று வைத்த சுருக்கு பன்றியை மட்டும் பிடிப்பதில்லை. பயிரைக் காக்க வேண்டும் என்ற அவசரம் எந்த எல்லைவரை போகும் என்பதற்கு அந்த மரணமே சாட்சி. கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் சட்டத்துக்கு விரோதமானவை. வாட்ச்சர் கையில் வேகமான துவக்கு கொடுப்பதும் அவை வைக்கப்படுவதற்கான காரணத்தை ஒழிக்காது. பாத்தியைச் சுற்றி ஒழுங்கான வேலி, விளைச்சல் காலத்தில் ஆட்கள் மாறிமாறி விழித்திருப்பது, வெளிச்சம், சத்தம் ஆகியவையே முதற்காவல். துவக்கு கடைசியில்தான் வரும்.

மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி இந்த மலைகளிலும் ஊவாவிலும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவர் காலத்துத் துவக்குகள் வாய்வழியே மருந்திட்டு இடிப்பவை. வேகமான துவக்கு இல்லாமலேயே அவ்வளவு அழிவு நடந்தது. இந்த மலையில் சுடுகிறவர்களுக்கு ஒருகாலும் குறைந்திருந்தது வெடியின் எண்ணிக்கை அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

வாயுவா, ஜடத்துவமா?

இனி, பயிற்சித் திடலுக்கோ ஆயுதக் கடமைக்கோ எழுத்து மூல அனுமதியோடு வாங்கப் போகிறவர்களுக்கு.

செமி ஒட்டோ இயங்கும் வழிகளில் இன்று சந்தையில் முக்கியமானவை இரண்டு. முதலாவது வாயு அமைப்பு. குழலில் உள்ள சிறு துவாரம் வழியாக வெடிப்பின் வாயு கொஞ்சம் வெளியே வந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைப் பின்னே அனுப்பும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகையைப் பரவலாக்கியது. உதைப்பு நீண்ட நேரத்துக்குப் பரவுவதால் தோளுக்கு மென்மை. வாயுவோடு கரியும் வருவதால் பிஸ்டனைச் சுற்றி அழுக்குச் சேரும். துடைக்காவிட்டால் நின்றுவிடும்.

இரண்டாவது ஜடத்துவ அமைப்பு. இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் இதைப் புகழ்பெறச் செய்தது. வெடிக்கும்போது துவக்கு முழுவதும் பின்னே நகரும். கனமான போல்ட் உடல் ஒரு கணம் தன் இடத்திலேயே நிற்கும். அந்த இடைவெளியில் ஒரு தடித்த சிறு ஸ்பிரிங் அழுந்தி, பிறகு போல்ட்டைப் பின்னே எறியும். வாயு உள்ளே வராததால் சுத்தமாக இருக்கும், பாகங்களும் குறைவு. ஆனால் துவக்கு தாராளமாகப் பின்னே நகர்ந்தால்தான் இது வேலை செய்யும். பின்கட்டையைக் கல்லிலோ மரக்கட்டையிலோ முட்டுக்கொடுத்துச் சுட்டால், அல்லது குழலில் கனமான டொர்ச்சும் பக்கத்தில் தோட்டாப் பட்டியும் கட்டிவிட்டால் போல்ட் முழுத் தூரம் போகாமல் சிக்கலாம். இராக்காவலுக்கு டொர்ச்சைக் கட்டிக்கொள்ளும் வழக்கமுள்ள நம் காவலர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. பாரம் குறைந்த தோட்டாவும் இதற்கு ஆகாது. ஒலிம்பிக் களிமண் தட்டுப் போட்டிகளில் 24 கிராம் தோட்டாவே பயன்படுகிறது; சில ஜடத்துவத் துவக்குகள் அதை நம்பத்தகுந்தபடி இயக்குவதில்லை.

பயிற்சித் திடலில் நிறையச் சுடுகிறவர், தினமும் துடைக்கும் பொறுமை உள்ளவர் வாயு அமைப்பை எடுக்கட்டும். கடமைக்காக ஆண்டு முழுவதும் பெட்டியில் கிடந்து எப்போதாவது வெளியே வரும் துவக்கு என்றால் ஜடத்துவம் நல்லது, ஆனால் டொர்ச் கட்டாமல். வாயு அமைப்பில் ரப்பர் வளையம் உள்ளதா என்று கேளுங்கள். ரெமிங்டன் 1100இல் உண்டு. அந்தச் சின்ன வளையம் வெடித்துப்போனால் துவக்கு ஒற்றை வெடியாகிவிடும். உதிரிப்பாகம் கண்டிக் கடைத்தெருவில் வாங்கக்கூடிய பண்டமல்ல.

ஈரமும் ஸ்பிரிங்கும்

ஈரத்தைப் பற்றி வாங்குவோர் வழிகாட்டிகள் பல பேசுவதே இல்லை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவை, அதாவது ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தை, நனைத்துக்கொண்டே இருக்கும். பங்களாவில் கணப்பு எரியும்போது வெளியிலிருந்து கொண்டுவந்த குளிர்ந்த இரும்பில் ஈரம் படியும். துடைத்துவிட்டதாக நினைத்துப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாளில் துரு.

பம்ப் துவக்கில் துரு பிடித்தாலும் கையால் இழுத்துவிடலாம். செமி ஒட்டோவில் போல்ட்டை முன்னே திருப்பித் தள்ளுவது ஒரு ஸ்பிரிங். அது எங்கே இருக்கிறது என்பதே மலைநாட்டுக்காரர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. ரெமிங்டன் 1100இலும் பெனெல்லி எம்2விலும் அது பின்கட்டையின் உள்ளே ஒரு குழாய்க்குள் அடைபட்டிருக்கிறது. மழைநீர் அதற்குள் போனால் வெளியே வராது. பின்கட்டையைக் கழற்றிக் குழாயைத் திறக்காமல் துடைக்க முடியாது. அதைப் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. ஸ்பிரிங் துருப்பிடித்து மந்தமாகும்போது போல்ட் முழுதாக மூடாது. சுடும் நேரத்தில்தான் அது தெரியவரும். பிராங்கி எஃபினிற்றி போன்ற சிலவற்றில் அதே ஸ்பிரிங் முன்பிடிக்குள், தோட்டா மெகசினைச் சுற்றி அமைந்திருக்கிறது. முன்பிடித் தொப்பியைக் கழற்றினால் கண்ணால் பார்க்கலாம், துணியால் துடைக்கலாம். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டு துவக்குகளில் இப்படி அமைந்ததை நான் தேர்வேன். மற்ற எல்லாவற்றிலும் சமமாக இருந்தால் மட்டுமல்ல, கொஞ்சம் விலை கூடினாலும் கூட.

குழலும் அறையும் குரோம் பூசியவையாக இருக்கட்டும். மரக்கட்டை பார்ப்பதற்கு அழகு. ஈரத்தில் ஊதும், பொருத்துமிடம் தளரும். செயற்கைக் கட்டைதான் இங்கே நிலைக்கும். எண்ணெயை அள்ளி ஊற்றாதீர்கள். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாவில் புல் வெளுக்கும் காலைகளில் தடித்த எண்ணெய் களியாகி வாயு அமைப்பை மந்தமாக்கும். மெல்லிய எண்ணெய், மெல்லிய பூச்சு, மீதியைத் துடைத்துவிடுவது.

தோட்டாவைப் பார்த்துத் துவக்கை வாங்குங்கள்

இரண்டு துவக்கும் 12 போராக இருக்க வேண்டும். வேறு போர் கலந்தால் ஆபத்து. சட்டைப்பையில் கிடந்த 20 போர் தோட்டா 12 போர்க் குழலுக்குள் வழுக்கி இறங்கி நடுவில் நின்றுவிடும். தெரியாமல் பின்னாலேயே 12 போர் தோட்டா போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். தோட்டத்தில் இரண்டு போர் வேண்டாம்.

அறையின் நீளம் அடுத்தது. இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மில்லிமீற்றர். இன்றைய அறைகள் 70 அல்லது 76. ரிப்பீட்டருக்கு 70, செமி ஒட்டோவுக்கு 76 என்றிருந்தால் 76 தோட்டா வாங்கவே வேண்டாம், ஏனென்றால் ஒருநாள் அது பம்புக்குள் போகும். பழைய பங்களாக்களில் தலைமுறையாக வந்த ஆங்கில இரட்டைக் குழல்கள் பலவற்றின் அறை 65 மில்லிமீற்றர். 70 மில்லிமீற்றர் தோட்டா அதற்குள் முழுதாகப் போய்விடும், மூடியும்விடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். பழைய ஐரோப்பிய செமி ஒட்டோக்களிலும் இதே அபாயம் உண்டு. 1902 அளவில் பெல்ஜியத்தில் தயாரிப்புக்கு வந்து 1998 வரை ஓடிய பிரவுனிங் ஒட்டோ 5 யாராவது விற்க வந்தால் குழலில் பொறித்த எண்ணைப் படியுங்கள். அந்தத் துவக்கில் குழலே பின்னே ஓடும்; அதைத் தடுக்கும் உராய்வு வளையங்களைத் தோட்டாவின் பாரத்துக்கு ஏற்ப மாற்றி அடுக்க வேண்டும். தவறாக அடுக்கிச் சுட்டிருந்தால் முன்பிடியில் வெடிப்பு இருக்கலாம். வெடிப்பைக் கண்டால் வாங்காதீர்கள்.

இங்கே தோட்டா கேட்ட அளவுக்குக் கிடைக்கும் பண்டமல்ல. ஆகவே துவக்கின் விளம்பரத்தை விட்டுவிட்டு, உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் தோட்டாவைப் பாருங்கள். விற்பவரிடம் அனுமதிபெற்ற சுடுதிடலில் அந்தத் தோட்டாவையே சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பாரத்தில் கிடைத்தால் இரண்டையும். ஒரு பெட்டி முழுவதும் சிக்காமல் ஓடினால் மட்டுமே அடுத்த பேச்சு. ஈரத்தில் உப்பிய தோட்டாக்களைப் பம்புக்கும் தராதீர்கள். செமி ஒட்டோவில் அவை அறைக்குள் பாதியில் நின்று போல்ட்டைத் திறந்தபடி விட்டுவிடும்.

பொருத்தம், சேஃப்டி

பின்கட்டையின் நீளம், வெள்ளைக்காரர் உடம்பை வைத்துச் செய்த துவக்குகளில் 36 சென்ரிமீற்றரைத் தாண்டும். நம்மில் பலருக்கு 34 போதும். குளிருக்கு ஸ்வெட்டரும் அதன்மேல் மழைக்கோட்டும் போட்டால் இன்னும் ஒரு சென்ரிமீற்றர் குறைய வேண்டும். வாங்கும்போது வேலைக்குப் போடும் உடையோடே தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளுக்கு ஏற்றி, பிறகு திறந்தால் குறிமணி நேராகத் தெரிய வேண்டும். நீளத்தையும் சாய்வையும் மாற்றும் தகடுகள் கூடவே வரும் மாதிரி நல்லது. ரிப்பீட்டரின் கட்டையையும் அதே அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

சேஃப்டி பொத்தான் இரண்டு துவக்கிலும் ஒரே இடத்தில் இருப்பது அவசியம். ரெமிங்டன் 870இல் அது விசைக்குப் பின்னால் குறுக்காக இருக்கும், 1100இலும் அப்படியே. மொஸ்பேர்க் 500இல் மேலே, பெருவிரலுக்குக் கீழே; அதே நிறுவனத்தின் 930, 940 செமி ஒட்டோக்களிலும் அங்கேதான். பெருவிரல் பழகிய ஒருவர் கையில் குறுக்குப் பொத்தான் துவக்கைக் கொடுத்தால் இருட்டில் தேடிக்கொண்டிருப்பார்.

மெகசினில் உள்ள தோட்டாக்களை அறை வழியாக ஓட்டாமல் கீழிருந்தே ஒவ்வொன்றாக எடுத்துவிடக்கூடிய அமைப்பைத் தேடுங்கள். குழல் வாயை ஒடுக்கும் சோக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றக்கூடியதாக இருக்கட்டும், கடமைக்குத் தளர்ந்ததைப் போடுங்கள்.

இரண்டு துவக்கு, ஒரு பழக்கம்

பம்பில் சுட்டபின் அறையில் இருப்பது வெற்றுக் கூடு. கையால் இழுக்கும் வரை அது வெடிக்காது. செமி ஒட்டோவில் சுட்டவுடன் அடுத்த தோட்டா அறைக்குள் வந்து, சுத்தியலும் ஏறி நிற்கும். சரிவில் கால் வழுக்கினால், பம்ப் பழக்கத்தில் விரல் விசையிலேயே இருந்தால், அடுத்த வெடி யார்மீதும் போகலாம். பம்பில் பல ஆண்டு பழகியவருக்கே இந்த அபாயம் அதிகம், ஏனென்றால் அவர் உடம்பு துவக்கு வெறுமையாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வெடிக்கும் பின் விரலை விசைக்கு வெளியே எடுத்து, சேஃப்டியைப் போட்டுவிட்டு, பிறகு அடுத்த அடியை வையுங்கள். இந்த வரிசையை முதலில் பம்பிலேயே பழக்கிக்கொள்ளுங்கள். போலித் தோட்டாவை வைத்து, உண்மைத் தோட்டா அறையில் எங்கும் இல்லை என்று உறுதிசெய்துவிட்டு, திரும்பத் திரும்பச் செய்யலாம்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து அரை நிமிடம் காத்திருங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டாக்கள் உண்டு. சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக, பொதுக்கென்று கேட்டால் துவக்கை முழுதாக வெறுமையாக்கிக் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். அடைப்பு இருக்கும்போது அடுத்ததைச் சுட்டால் கையும் முகமும் போகும்.

வைப்பதில்தான் பொறுப்பு

1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியவர்களின் கையில் இருந்தவை பெரும்பாலும் ஷொட்கன்கள். 1980களின் கடைசியில் வீடுகளில் புகுந்து அனுமதிபெற்ற துவக்குகளைப் பறித்துப்போனதை நம் பெற்றோர் இன்னும் மறக்கவில்லை. ஒரு தோட்டத்தில் இரண்டு துவக்கு இருக்கிறதென்று தெரிவதே ஓர் ஆபத்து. சுவரில் ஆணி அடித்துப் பூட்டிய இரும்புப் பெட்டி, தனியாகப் பூட்டிய தோட்டாப் பெட்டி, இரண்டு சாவியும் இரண்டு இடத்தில். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். புகைபோக்கிச் சுவரில் பெட்டியை வைக்காதீர்கள். கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரியில் துவக்கைக் காட்சிக்கு வைக்கும் பழைய பங்களா வழக்கத்தைக் கைவிடுங்கள்.

அனுமதிப்பத்திரம் ஒவ்வொரு துவக்குக்கும் தனி. ஒன்றைப் புதுப்பித்தால் மற்றதும் புதுப்பித்ததாகாது. அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 1ஆம் திகதி தொடங்கி டிசம்பர் 31ஆம் திகதிக்குள் கொடுத்துவிட வேண்டும்.